நன்றிக்குப் பின் வரும் வாக்கியம்

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரம் முடியும் இடத்தில், வேகமாக வாசிப்பவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு வாக்கியம் இருக்கிறது. இருபத்துநான்காம் வசனத்தில் பவுல் தன் நிலையை எண்ணிக் கதறுகிறார். தன்னை மீட்க யார் இருக்கிறார் என்று கேட்கிறார். இருபத்தைந்தாம் வசனத்தின் முற்பாதியிலேயே விடை வந்துவிடுகிறது. கிறிஸ்துவின் வழியாகத் தேவனுக்கு நன்றி சொல்கிறார். போராட்டம் ஓய்ந்தது என்று வாசிப்பவர் மூச்சுவிடும்போது அதே வசனத்தின் பிற்பாதி வருகிறது. தன் மனம் ஓர் எஜமானுக்கும் மாம்சம் வேறோர் எஜமானுக்கும் வேலை செய்வதாக அதில் சொல்கிறார். இப்போதுதான் நன்றி சொன்ன மனிதர், தனக்குள் இருக்கும் பிளவு இன்னும் ஆறவில்லை என்கிறார்.

இந்தப் பிற்பாதி அறிஞர்கள் பலரை உறுத்தியிருக்கிறது. ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் மோஃபட் தமது புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் அதைப் பெயர்த்தெடுத்துக் கதறலுக்கு முன்னால் வைத்துவிட்டார். போராட்டம், கதறல், நன்றி, விடுதலை என்று வரிசை அழகாக அமைந்துவிட்டது. அந்த வாக்கியம் பவுலுடையதே அல்ல, யாரோ ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு பின்னால் மூலத்துக்குள் புகுந்துவிட்டது என்பது ஜெர்மானிய அறிஞர் ருடோல்ஃப் புல்ட்மனின் முடிவு. இரண்டுக்கும் கையெழுத்துப் பிரதிகளில் ஆதாரம் கிடையாது. பிரதிகளில் அந்த வாக்கியம் நன்றிக்குப் பின்னால்தான் நிற்கிறது.

அது அங்கேதான் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. கிறிஸ்தவ விசுவாசத்தில் பாவத்தோடு போராடுவது என்றால் என்ன, கிருபை என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்த இடம் மிக முக்கியமானது. நம் சபைகளில் சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். குடியிலிருந்தோ, கோபத்திலிருந்தோ, வெளியே சொல்ல முடியாத ஒரு பழக்கத்திலிருந்தோ கர்த்தர் விடுவித்தார் என்று சாட்சி சொல்கிறார்கள். சாட்சி நன்றியோடு முடிகிறது, சபை ஸ்தோத்திரம் சொல்கிறது. ஆறு மாதம் கழித்து அதே மனிதர் மறுபடியும் விழும்போது அவருக்குப் பேச இடமில்லை. சாட்சி சொல்லி முடித்தவர் மீண்டும் போராட்டத்தைப் பற்றிப் பேசினால், முதலில் சொன்னதே பொய்யாகிவிடுமோ என்று பயப்படுகிறார். அதனால் மறைக்கிறார், மறைப்பதால் இன்னும் ஆழமாக விழுகிறார். பவுலின் சாட்சியோ நன்றியோடு முடியவில்லை.

ஆனால் அதிகாரத்தில் பேசும் ‘நான்’ பவுல்தானா? ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக நடக்கும் வழக்கு இது.

கி.பி. 56 அல்லது 57-ஆம் ஆண்டு வாக்கில், கொரிந்துவில் இருந்தபடி, தாம் அதுவரை போயிராத ரோமாபுரிச் சபைக்குப் பவுல் இந்த நிருபத்தைச் சொல்லச் சொல்ல, தெர்தியு என்பவர் எழுதினார். யூத விசுவாசிகளும் புறஜாதி விசுவாசிகளும் ஒரே பந்தியில் உட்காருவதே பெரிய பிரச்சினையாக இருந்த காலம். நியாயப்பிரமாணம் பாவமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் பவுல் ‘நான்’ என்று பேசத் தொடங்குகிறார். ஏழாம் வசனம் முதல் பதின்மூன்றாம் வசனம்வரை இறந்தகாலம். பதினான்கிலிருந்து நிகழ்காலம். விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கும் தீமையையே செய்துகொண்டிருக்கும் மனிதரின் குரல் அது.

தொடக்ககால கிரேக்க உரையாசிரியர்கள் பெரும்பாலும் இதைப் பவுலின் சொந்தக் குரலாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன், பவுல் இங்கே இன்னொருவரின் குரலைத் தாங்கிப் பேசுகிறார் என்றார். தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் புலவர் பேசும் மரபில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் யோவான் கிறிசோஸ்தோம், கிறிஸ்து வருவதற்கு முந்தைய மனிதனின் நிலையை இந்த வரிகளில் கண்டார். கிருபை பெற்ற அப்போஸ்தலர் இப்படிப் புலம்புவாரா என்ற கேள்வி அவர்களுடையது. நியாயமான கேள்விதான்.

அகுஸ்தீனும் முதலில் அப்படித்தான் வாசித்தார். 354-இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தேயில் பிறந்தவர். மனிக்கேய மதத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியராகப் பெயர் வாங்கினார். உடல் ஆசையைக் கைவிடவும் முடியாமல், அதோடு நிம்மதியாக வாழவும் முடியாமல் தவித்த ஆண்டுகளை ‘அறிக்கைகள்’ நூலின் எட்டாம் பாகம் சொல்கிறது. 386-இல் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசிக்கச் சொல்லும் குழந்தைக் குரல் ஒன்றைக் கேட்டார். கைக்கெட்டிய பவுலின் நிருபத்தைத் திறந்து, ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் ஒரு பகுதியை வாசித்தார். மறு ஆண்டு ஈஸ்டர் இரவில் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார். இந்த வரலாறு பலருக்கும் தெரியும். நம் பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இந்தத் தோட்டத்தோடு நின்றுவிடுகிறது.

பத்தாம் பாகத்தை மக்கள் அதிகம் வாசிப்பதில்லை. மனந்திரும்பிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்து, ஹிப்போ நகரின் ஆயராக இருக்கும் ஒருவர் தன் இன்றைய நிலையை அதில் எழுதுகிறார். விழித்திருக்கும்போது வெல்லும் ஆசைகள் கனவில் தன்னை வெல்கின்றன என்கிறார். பசிக்காகச் சாப்பிடுகிறோமா, ருசிக்காகச் சாப்பிடுகிறோமா என்ற எல்லைக்கோடு தெரியவில்லை என்கிறார். ஆலயத்தில் சங்கீதம் பாடும்போது பொருளைவிட இசை மனத்தை இழுத்துக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும்விட, மனிதர் தரும் புகழ்ச்சி இனிக்கிறது. அந்த இனிப்பைத் துறந்துவிட்டோம் என்பதற்காகக் கிடைக்கும் புகழும் இனிக்கிறது. ஓர் ஆயர், தம் மந்தை வாசிக்கும்படி, இப்படி எழுதினார். அந்தத் துணிச்சல் இன்றைக்கும் அரிது என்றே நினைக்கிறேன். எட்டாம் பாகம் அவர் சொன்ன சாட்சி என்றால், பத்தாம் பாகம் நன்றிக்குப் பின் அவர் எழுதிய வாக்கியம்.

அந்தப் பாகத்தில் ஒரு வேண்டுதல் திரும்பத் திரும்ப வருகிறது. தேவன் எதை வேண்டுமானாலும் கட்டளையிடட்டும், அதைச் செய்யும் பலத்தையும் அவரே தரட்டும் என்பது அதன் பொருள். ரோமாபுரியில் ஒருவர் அதை எடுத்துச் சொன்னபோது, பெலாகியுஸ் என்ற துறவி பொறுக்க மாட்டாமல் எதிர்த்தார் என்று அகுஸ்தீன் பின்னாளில் எழுதுகிறார். பிரிட்டனிலிருந்து வந்த பெலாகியுஸை வில்லனாக்கிவிடுவது எளிது. ஆனால் அவருடைய கவலை உண்மையான கவலை. ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தைத் தழுவிக்கொண்ட பிறகு, பெயரளவுக் கிறிஸ்தவர்கள் பெருகியிருந்த காலம் அது. பலம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு பாவத்திலேயே இருந்துவிடலாமா என்று அவர் கேட்டார். தேவன் முடியாததைக் கட்டளையிடுவாரா என்றார். மனிதனுக்குச் சுயாதீனமான சித்தம் இருக்கிறது, போதனை இருக்கிறது, கிறிஸ்துவின் முன்மாதிரி இருக்கிறது. முயன்றால் பாவமின்றி வாழ முடியும்.

இந்த விவாதத்தின் ஊடேதான் அகுஸ்தீன் ரோமர் ஏழின் வாசிப்பை மாற்றிக்கொண்டார். 390-களின் நடுவில் எழுதியபோது, அந்த ‘நான்’ கிருபைக்கு முன், நியாயப்பிரமாணத்தின்கீழ் இருப்பவன் என்றே சொல்லியிருந்தார். கால் நூற்றாண்டு கழித்து, அது கிருபை பெற்றவனின் குரலாகவும் இருக்க முடியும், பவுலின் குரலாகவே இருக்க முடியும் என்றார். 426, 427 வாக்கில் தம் நூல்களை எல்லாம் வரிசையாகத் திருப்பிப் பார்த்துத் திருத்தம் எழுதியபோது, இந்த மாற்றத்தையும் பதிவு செய்தார். இடையில் நடந்தது வெறும் கோட்பாட்டுச் சண்டை மட்டுமல்ல. முப்பது ஆண்டுகள் ஓர் ஆயராக மக்களின் கதைகளைக் கேட்டிருந்தார். விசுவாசிகள் எப்படி வாழ்கிறார்கள், எப்படி விழுகிறார்கள் என்பதை அவர் அருகிலிருந்து பார்த்தவர்.

418-இல் கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர் மன்றம் பெலாகியுஸின் போதனையைக் கண்டித்தது. அதன் தீர்மானங்களில் சில, எனக்கு மிகவும் பிடித்தமானவை, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் பற்றியவை. பரிசுத்தவான்கள் மன்னிப்புக் கேட்கும் பகுதியைத் தங்களுக்காகச் சொல்லவில்லை, சபையில் உள்ள மற்ற பாவிகளுக்காகச் சொல்கிறார்கள் என்று சிலர் விளக்கம் சொல்லியிருந்தார்கள். தாழ்மைக்காகச் சொல்கிறார்கள், உண்மையில் அவர்களுக்கு அது தேவையில்லை என்றார்கள் வேறு சிலர். மன்றம் இரண்டையும் தள்ளியது. ஜெபத்தில் அந்த வரியைச் சொல்கிறவர், அவர் எவ்வளவு பெரிய பரிசுத்தவானாக இருந்தாலும், தனக்காக, உண்மையாகவே சொல்கிறார். தினமும் அந்த ஜெபத்தைச் சொல்லக் கற்பித்த சபை, தினமும் மன்னிப்புத் தேவைப்படும் சபை. கோட்பாட்டை ஜெபத்திலிருந்து எடுத்த அந்த ஆயர்களின் முறை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

430-இல் வண்டல்களின் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அகுஸ்தீன் மரணப் படுக்கையில் இருந்தார். தாவீதின் மனஸ்தாபச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, படுத்தபடி வாசித்து அழுதுகொண்டிருந்தார் என்று, அவரோடு வாழ்ந்த போசிதியுஸ் பதிவு செய்திருக்கிறார். எழுபத்தைந்து வயது, நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் விசுவாச வாழ்க்கை. பயத்தால் வந்த அழுகை என்று போசிதியுஸ் சொல்லவில்லை. புகழ்பெற்ற கிறிஸ்தவர்களும் ஆயர்களும்கூட மனந்திரும்புதல் இல்லாமல் உலகைவிட்டுப் போகக் கூடாது என்று அகுஸ்தீன் சொல்லிவந்ததைத்தான் குறிப்பிடுகிறார்.

அகுஸ்தீனின் பெயரைத் தாங்கிய துறவற சபையில்தான் 1505-இல் மார்ட்டின் லூத்தர் சேர்ந்தார். எர்ஃபுர்ட் மடத்தில் அவர் பட்ட பாடு பிரசித்தம். மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வார். முடித்து வெளியே வந்ததும் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வரும். பாவமன்னிப்புப் பெற, எல்லாப் பாவங்களையும் நினைவுகூர்ந்து, மெய்யான மனஸ்தாபத்தோடு சொல்ல வேண்டும் என்பது அவர் கற்றிருந்தது. என் மனஸ்தாபம் மெய்யானதுதானா? தண்டனைக்குப் பயந்து வந்ததா, தேவன்மேல் அன்பினால் வந்ததா? இந்தக் கேள்விக்கு உள்ளே எங்கே தேடினாலும் விடை இல்லை. தேடத் தேட அடுத்த சந்தேகம்தான் முளைக்கிறது. அவருடைய மூத்தவரும் ஆவிக்குரிய வழிகாட்டியுமான ஸ்டௌபிட்ஸ், உனக்குள்ளே பார்ப்பதை விட்டுவிட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்ப முயன்றார்.

1515-16-இல் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் ரோமர் நிருபத்தைப் பாடம் நடத்தியபோது லூத்தர் எழுதிய குறிப்புகள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1908-இல்தான் வெளியாயின. அதில் ஒரு நோயாளியைச் சொல்கிறார். மருத்துவர் நிச்சயம் குணமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நோயாளி அந்த வாக்கை நம்பி, அவர் சொன்ன பத்தியம் இருக்கிறான். அவன் இப்போது நோயாளியா, சுகமானவனா? உடலைப் பார்த்தால் நோயாளி, வாக்கைப் பார்த்தால் சுகமானவன். விசுவாசியும் அப்படித்தான்: ஒரே நேரத்தில் பாவி, ஒரே நேரத்தில் நீதிமான். ஏழாம் அதிகாரத்துக்கு வரும்போது லூத்தர் அகுஸ்தீனின் பிந்தைய வாசிப்பை எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தமாகச் சொல்கிறார். மாம்சத்தில் வாழ்பவன் தன் பாவத்துக்காகப் புலம்ப மாட்டான். அதில் அவனுக்கு வருத்தமே இல்லை. ஆவியைப் பெற்றவன்தான் புலம்புவான். அதனால் அந்தப் புலம்பலே அவன் யாருடையவன் என்பதற்குச் சான்று.

பாவத்தோடு போராடும் ஒருவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை. தான் போராடுவதே தேவன் தன்னைக் கைவிட்டதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தவரிடம், அது அவர் கைவிடவில்லை என்பதற்கு அடையாளம் என்கிறார் லூத்தர். சண்டை நடக்கிறது என்றால் இரண்டு தரப்பு இருக்கிறது என்று பொருள்.

1546 ஜூனில், லூத்தர் இறந்த நான்கு மாதத்துக்குள், கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் இதற்குப் பதில் சொன்னது. திருமுழுக்குக்குப் பிறகும் இச்சை நமக்குள் தங்குகிறது, போராடும்படி அது விடப்பட்டிருக்கிறது என்பதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த இச்சை தன்னளவில் பாவம் அல்ல. பாவத்திலிருந்து வந்தது, பாவத்தை நோக்கிச் சாய்ப்பது, அவ்வளவுதான். சம்மதிக்காதவருக்கு அது கேடு செய்யாது. எழுந்த எண்ணத்துக்கும் இணங்கிய சித்தத்துக்கும் இடையில் கத்தோலிக்க மரபு ஒரு தெளிவான கோடு போட்டது. லூத்தரன்கள் அந்தக் கோட்டை ஒப்புக்கொள்ளவில்லை. தேவனை முழு இருதயத்தோடு நேசிக்காத எதுவும் பாவம்தான் என்றார்கள்.

இதில் யார் பக்கம் என்று கேட்டால், நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். மனச்சாட்சி நோயுற்றவர்களின் வரலாறு இரண்டு பக்கமும் இருக்கிறது. 1522-இல் மன்ரேசா ஊரில் லொயோலா இஞ்ஞாசி, சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சங்கீர்த்தனம் செய்து, நிம்மதியின்றி, தற்கொலை எண்ணம்வரை போனார். இங்கிலாந்தில் பாத்திரம் அடைக்கும் தொழிலாளியான ஜான் பனியனுக்கு, கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் சாப்பிடும்போதும் வேலை செய்யும்போதும் ஓயாமல் உள்ளே ஒலித்தது. ஒருநாள் களைத்துப்போய், கிறிஸ்து விரும்பினால் போகட்டும் என்று மனம் நினைத்துவிட்டது. அதோடு தன் ஆத்துமா தொலைந்தது என்று நீண்டகாலம் வதைபட்டார். சம்மதித்தேனா, வெறும் எண்ணமா? திரெந்து போட்ட கோடு அவருக்கு உதவியிருக்கலாம். அல்லது அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற புதிய வதை தொடங்கியிருக்கலாம். பனியனுக்குக் கிழிந்து நைந்த ஒரு பழைய பிரதியில் கிடைத்தது கலாத்தியர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய உரை. பின்னொரு நாள் வயல்வெளியில் நடந்து போகும்போது, தன் நீதி தனக்குள் இல்லை, தேவனுடைய வலதுபாரிசத்தில் கிறிஸ்துவாக இருக்கிறது, தன் மனநிலை நன்றாக இருந்தால் அது கூடுவதுமில்லை, மோசமாக இருந்தால் குறைவதுமில்லை என்ற உணர்வு வந்தது. 1666-இல் சிறையிலிருந்தபடி இந்த வரலாற்றை எழுதி வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’ தமிழருக்கு நெருக்கமானது, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்துக்கு அதுவே மூலம். அந்தக் கதையில் பாவச்சுமை சிலுவையருகே பாதையின் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. சண்டையும் சந்தேகக் கோட்டையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

லூத்தரின் வாசிப்புக்கு ஓர் ஆபத்து உண்டு. போராட்டமே கிருபையின் அடையாளம் என்றால், தோற்றுக்கொண்டே இருப்பதில் ஒரு வசதி வந்துவிடலாம். நானும் ரோமர் ஏழுதான் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். இந்த ஆபத்தைத் தெளிவாகப் பார்த்தவர்கள் டச்சு இறையியலாளர் ஆர்மீனியுஸும் ஜான் வெஸ்லியும். 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான் வெஸ்லிக்குத் தம் பாவங்கள் மன்னிக்கப்பட்ட நிச்சயம் வந்தது. ஆனால் ஏழாம் அதிகாரத்தை அவர் லூத்தரைப் போல வாசிக்கவில்லை. அது நியாயப்பிரமாணத்தின்கீழ் விழித்துக்கொண்டவனின் குரல், கிறிஸ்துவுக்குள் விடுதலையானவன் எட்டாம் அதிகாரத்தில் வாழ்கிறான் என்றார். பரிசுத்தமாக்கப்படுதல் மெய்யாகவே நடக்க வேண்டும், அன்பு ஒரு மனிதனை முழுமையாக ஆளும் நிலை இந்த வாழ்விலேயே சாத்தியம் என்று போதித்தார். தமிழ் மண்ணுக்கு இரண்டு வாசிப்பும் கடல்வழியே வந்தன: தரங்கம்பாடிக்கு 1706-இல் லூத்தரன்கள், இலங்கைக்கு 1814-இல் வெஸ்லியன் மிஷனரிகள்.

ஆனால் அதே வெஸ்லி 1763-இல் விசுவாசிகளுக்குள் இருக்கும் பாவத்தைப் பற்றி ஒரு தனிப் பிரசங்கம் எழுத வேண்டியிருந்தது. நீதிமானாக்கப்பட்ட நொடியிலேயே பாவம் முற்றும் போய்விடுகிறது என்று மொராவியத் தலைவர் சின்செண்டோர்ஃப் பிரபுவைச் சேர்ந்தவர்கள் போதித்ததை அவர் மறுத்தார். பாவம் ஆளுகை செய்வதில்லை, ஆனால் மீந்திருக்கிறது என்பது அவருடைய வாதம். பாவம் முற்றும் போய்விட்டது என்று போதிப்பது புதுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட என்றார்: தனக்குள் பாவமே இல்லை என்று நம்பியவன் விழித்திருப்பதை நிறுத்திவிடுவான், ஒருநாள் அது தலைதூக்கும்போது விசுவாசத்தையே விட்டுவிடுவான். வாசிப்பு வேறாக இருந்தாலும், மனிதரை அருகிலிருந்து கவனித்த வெஸ்லி, இருபத்தைந்தாம் வசனத்தின் பிற்பாதிக்கு வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் வழக்கு வேறொரு பக்கம் திரும்பியது. 1929-இல் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் கும்மெல், அந்த ‘நான்’ பவுலின் சுயசரிதை அல்ல என்று விரிவாக நிறுவினார். 1963-இல் ஸ்வீடனைச் சேர்ந்த லூத்தரன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டென்டால் ஒரு கட்டுரை எழுதினார்; பவுல் ஆய்வையே புரட்டிப்போட்ட கட்டுரைகளில் ஒன்று. மடத்தில் தவித்த லூத்தரின் மனச்சாட்சியை நாம் பவுலின்மேல் ஏற்றிவிட்டோம் என்றார் அவர். பவுலுக்கு அப்படிப்பட்ட குற்ற உணர்வு இருந்ததில்லை; பிலிப்பியருக்கு எழுதும்போது, நியாயப்பிரமாண நீதியின்படி தன்மேல் குற்றம் சொல்ல எதுவும் இருந்ததில்லை என்றே சொல்கிறார். அவருடைய கேள்வி, இரக்கமுள்ள தேவனை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்பதல்ல. மேசியா வந்துவிட்டார் என்றால், புறஜாதிகள் தேவனுடைய ஜனத்தோடு எப்படிச் சேருகிறார்கள் என்பதே.

ஸ்டென்டால் சொன்னதில் பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்ளத்தக்கது என்பது என் கருத்து. ரோமர் நிருபம் தனிமனித மனநிலையின் நாட்குறிப்பு அல்ல. அதை அப்படி ஆக்கியதால் இரண்டு நஷ்டம்: யூதர்களின் நியாயப்பிரமாணத்தை வெறும் குற்ற உணர்வுத் தொழிற்சாலையாகச் சித்தரித்தோம், ஒரே பந்தியில் உட்காராத சபைகள், சாதி பார்த்து உட்காரும் நம் ஊர்ச் சபைகள் உட்பட, தங்கள் பாவத்தை இந்த நிருபத்தில் பார்க்கவே இல்லை. ஆனால் ஸ்டென்டால் விளக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. பவுல் தம் கடந்தகாலத்தைப் பற்றித் திடமாகப் பேசுகிறார் என்பது உண்மை. கிறிஸ்துவைச் சந்தித்த பிறகுதான், அந்தக் குற்றமற்ற வாழ்க்கை சபையைத் துன்புறுத்திய வாழ்க்கையும்கூட என்று கண்டார். குற்றமில்லை என்று அவர் எண்ணிய இடத்திலேயே பெரிய பாவம் இருந்தது. நல்லது செய்யும் முழு நம்பிக்கையோடு தீமை செய்த மனிதர் ஒருவர் நியாயப்பிரமாணத்தையும் பாவத்தையும் பற்றி எழுதினால், அது ஏறக்குறைய ரோமர் ஏழைப் போலத்தான் இருக்கும். கிருபையின் வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும் பிளவு அது.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலுள்ள அதிகாரப் பிரிவு பவுல் போட்டதல்ல. இன்றைய அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டனின் பணியிலிருந்து வந்தவை. பிரிவை எடுத்துவிட்டு வாசித்தால் கதறல், நன்றி, பிளவு, ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்ற அறிவிப்பு, இந்த நான்கும் தொடர்ந்து வருகின்றன. பிளவு தீர்ந்த பிறகு அறிவிக்கப்படும் தீர்ப்பு அல்ல அது. பிளவுபட்ட நிலையில் நிற்பவனை நோக்கி அறிவிக்கப்படுவது. அந்தத் தீர்ப்பைக் கேட்டவன் சும்மா இருப்பதும் இல்லை. எட்டாம் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்தில், சரீரத்தின் செய்கைகளை ஆவியினாலே சாகடிக்கும் வேலை தொடங்குகிறது. வெஸ்லி கேட்டது அங்கே இருக்கிறது. சில வசனங்கள் தள்ளி, சிருஷ்டி பெருமூச்சு விடுகிறது, ஆவியைப் பெற்ற விசுவாசிகள் பெருமூச்சு விடுகிறார்கள், ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுதல் செய்கிறார். வெற்றியின் அதிகாரம் என்று நாம் கொண்டாடும் எட்டாம் அதிகாரமே இத்தனை முனகல்களால் நிறைந்திருக்கிறது.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நீதிமானாக்கப்பட்டவர் பாவியாகவும் இருப்பதைப் பற்றி அதில் ஒரு தனிப் பகுதி உண்டு. இச்சையைப் பாவம் என்று அழைக்கலாமா என்பதில் வித்தியாசம் நீடித்தாலும், விசுவாசிகள் வாழ்நாள் முழுவதும் பாவத்தின் வல்லமைக்கு எதிராக நிற்க வேண்டியவர்கள், நாள்தோறும் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் என்பதில் இரு தரப்பும் ஒன்றாகப் பேசின. 2006-இல் வெஸ்லியின் வழிவந்த மெத்தடிஸ்டுகளும் அந்த அறிக்கையோடு இணைந்தார்கள். கார்த்தேஜ் ஆயர்கள் கர்த்தரின் ஜெபத்திலிருந்து எடுத்த அதே முடிவு இது.

ஆனால் விழுந்தவர் அதை யாரிடம் சொல்வது? 1935 முதல் 1937 வரை, நாத்சிகள் ஆண்ட ஜெர்மனியில், ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் டீட்ரிச் பொன்ஹோஃபர் ஓர் இறையியல் பள்ளியை நடத்தினார். ரகசியப் போலீஸ் அதை மூடியது. அந்த ஆண்டே வெளிவந்த ‘சீஷத்துவம்’ நூலில், மனந்திரும்புதல் கேட்காத மலிவான கிருபையைச் சபையின் கொடிய எதிரி என்று சாடினார். தம்மையும் லூத்தரன் என்று கருதிய ஒருவர் லூத்தரின் பெயரால் நடந்த சோம்பேறித்தனத்தை அப்படித் தாக்கினார். அதே மனிதர், ஃபிங்கன்வால்டே அனுபவத்திலிருந்து எழுதி 1939-இல் வெளியிட்ட ‘கூடி வாழ்தல்’ நூலின் கடைசி அதிகாரத்தைப் பாவ அறிக்கைக்கு ஒதுக்கினார். தன் பாவத்தோடு தனித்திருப்பவரைவிடத் தனித்தவர் வேறு யாரும் இல்லை என்ற எண்ணம் அந்த அதிகாரம் முழுவதும் ஓடுகிறது. பக்திமான்களின் கூட்டம் ஒருவரையும் பாவியாக இருக்க விடுவதில்லை. அதனால் எல்லோரும் தங்களுக்குள்ளே ஒளிந்துகொள்கிறார்கள் என்று அவர் கண்டார். ஜெபத்தில் தேவனிடம் சொல்வது பல சமயம் நமக்கு நாமே சொல்லி, நம்மை நாமே மன்னித்துக்கொள்வதாக முடிகிறது. திரும்பத் திரும்ப விழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் எச்சரித்தார். எதிரே ஒரு சகோதரன் உட்கார்ந்து கேட்டு, மன்னிப்பைத் தேவனுடைய வார்த்தையாகச் சொல்லும்போது அந்த வட்டம் உடைகிறது.

திருவிருந்துக்கு முந்தைய நாள் மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யும்படி அவர் கேட்டுக்கொண்டார். புராட்டஸ்டன்ட் வீடுகளில் வளர்ந்த அந்த இளைஞர்களுக்கு இது முதலில் அந்நியமாக இருந்தது. யாரிடம் சொல்லலாம் என்பதற்கு வயதையோ, படிப்பையோ, மனவியல் அறிவையோ அவர் அளவுகோலாக வைக்கவில்லை. சிலுவையின்கீழ் தன்னையும் பாவியாக அறிந்தவர் போதும் என்றார். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: தான் பாவ அறிக்கை செய்யாத ஒருவர் பிறருடைய பாவ அறிக்கையைக் கேட்கக் கூடாது. நம் சபைகளில் சாட்சி சொல்ல மேடை இருக்கிறது; அதற்குப் பின் விழுந்தவர் போய் உட்காரும்படியான ஓர் அறையும், அங்கே எதிரே உட்காரத் தகுதியுள்ள ஒருவரும் அதே அளவுக்கு வேண்டும்.